கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா? வீட்டுக் கணினியில் தானியங்கி பேக்கப் நின்றுபோனால் எங்கே தேடுவது

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால் அன்றைக்கே திருத்துறைப்பூண்டி வயலில் தண்ணீர் ஏறிவிடாது. கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து வெண்ணாற்றில் பிரிந்து, கிளை வாய்க்காலில் இறங்கி, கடைசி வயலைத் தொட இன்னும் பல நாள். நடுவில் எங்காவது ஷட்டர் இறங்கியிருக்கும், ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், கரை உடைந்திருக்கும். அதனால்தான் டெல்டாவில் "அணை திறந்தாச்சா?" என்று கேட்டவர்கள் அடுத்து "கடைமடைக்கு வந்துருச்சா?" என்றும் கேட்கிறார்கள். நேரம் குறித்து வைத்த பேக்கப்பில் கோளாறு தேடுகிறவரும் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பட்டா, சிட்டா, அடங்கல் ஸ்கேன், நெல் கொள்முதல் ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், கல்யாண வீடியோ, தாத்தா பாட்டியின் பழைய போட்டோ என்று ஒரு வீட்டின் முக்கியமான காகிதமெல்லாம் இப்போது ஒரே ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. அதற்கு இன்னொரு படி எடுத்து வேறொரு டிஸ்க்கில் வைப்பதுதான் பேக்கப். நாம் மறந்துவிடுவோம் என்பதால் தினமும் இன்ன மணிக்கு நீயே எடுத்துக்கொள் என்று கணினியிடம் ஒப்படைக்கிறோம். கையால் எடுக்கிற பேக்கப் விட்டுப்போனால் நமக்கே தெரியும். தானாக நடக்கிறது நின்றுபோனால் எந்தச் சத்தமும் வராது. டிஸ்க் செத்த அன்றுதான், கடைசிப் படி எட்டு மாதம் பழசு என்று தெரியவரும்.

இதில் மூன்று பங்காளிகள் உண்டு. நேரம் பார்க்கிறவர் ஒருவர். விண்டோஸில் அவர் பெயர் டாஸ்க் ஷெட்யூலர். நகல் எடுக்கிறவர் இன்னொருவர்: விண்டோஸோடு வரும் ஃபைல் ஹிஸ்டரி, அல்லது விண்டோஸிலேயே கட்டளை எழுதி ஓட்டும் ரோபோகாப்பி, அல்லது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். மூன்றாவது, வாங்கி வைத்துக்கொள்ளும் டிஸ்க். நேரம் பார்க்கிறவருக்கு நகல் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று தெரியாது. ஒரு நிரலைத் தொடங்கிவிட்டு, அது முடியும்போது திருப்பித் தரும் ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வார், அவ்வளவே. பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

முதலில் சேருமிடத்தைத் திறங்கள்

கோளாறு என்றதும் நேராக டாஸ்க் ஷெட்யூலரைத் திறப்பது பலருடைய பழக்கம். அதற்கு முன்னால் பேக்கப் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். நேற்று நீங்கள் திருத்திய ஒரு ஃபைல் அங்கே நேற்றைய தேதியோடு இருக்கிறதா? ஃபைல்களை மாற்றிய தேதி வாரியாக அடுக்கினால் கடைசியாக எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு எதுவுமே வரவில்லையென்றால் அந்தத் தேதியில் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். பாஸ்வேர்டை மாற்றினீர்களா, புது பென் டிரைவ் செருகினீர்களா, மெக்கானிக் வந்துபோனாரா? பெரும்பாலும் காரணம் அங்கேயே அகப்பட்டுவிடும். சில ஃபோல்டர்கள் மட்டும் விட்டுப்போயிருந்தால் நேரத்தில் பிழையில்லை, எதை எடுக்க வேண்டும் என்று சொன்னதில் பிழை. எல்லாம் இருந்தும் திறக்கவில்லை என்றால் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும். இந்த மூன்றில் எது என்று பிரித்துக்கொண்ட பிறகு ஷெட்யூலர் பக்கம் போகலாம்.

ஷெட்யூலர் காட்டும் எண்கள்

ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, இடப்பக்கம் உள்ள லைப்ரரியைச் சொடுக்குங்கள். நடுவில் வரும் பட்டியலில் கடைசியாக எப்போது ஓடியது, அதன் முடிவு என்ன, அடுத்து எப்போது ஓடும் என்று மூன்று பத்திகள் இருக்கும். முடிவுப் பத்தியில் 0எக்ஸ் என்று தொடங்கும் எண் இருக்கும் (திரையில் ஆங்கில எழுத்தில் வரும்). வீட்டுக் கணினிகளில் அடிக்கடி தட்டுப்படுபவை இவை.

0எக்ஸ்0 என்றால் நிரல் பிழையின்றி முடிந்தது. 0எக்ஸ்41303 என்றால் இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை. 0எக்ஸ்41301 என்றால் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது; நாள் முழுக்க இதே எண் நின்றால் எங்கோ சிக்கியிருக்கிறது. 0எக்ஸ்2 என்றால் சொன்ன நிரலோ ஃபைலோ அந்த இடத்தில் இல்லை. 0எக்ஸ்80070005 அனுமதி மறுப்பு. 0எக்ஸ்8007052இ என்றால் பாஸ்வேர்டு பொருந்தவில்லை: நீங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டீர்கள், ஷெட்யூலரிடம் பழையதுதான் இருக்கிறது. ஷெட்யூலரில் அந்த வேலையை (டாஸ்க்) திறந்து மறுபடி சேமித்தால் புதியதைக் கேட்கும். அங்கே பின் எண்ணைக் கொடுக்கக் கூடாது, கணக்கின் முழு பாஸ்வேர்டையே கொடுக்க வேண்டும்.

0எக்ஸ்8007052எஃப் என்பது நம் வீடுகளுக்கே உரிய தொல்லை. பாஸ்வேர்டே இல்லாத கணக்கில், "யார் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு" என்று குறித்து வைத்தால் விண்டோஸ் மறுத்துவிடும். பாஸ்வேர்டு வைக்காத கணக்கைப் பின்னணியில் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் இயல்பான கட்டுப்பாடு. ஒன்று, கணக்குக்குப் பாஸ்வேர்டு வையுங்கள். இல்லையென்றால் "நான் உள்ளே இருக்கும்போது மட்டும் ஓடு" என்று மாற்றுங்கள்.

ஹிஸ்டரி என்ற தாவல் காலியாக இருந்தால் பதற வேண்டாம். பொதுவாக அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஷெட்யூலரை நிர்வாகி அனுமதியோடு திறந்து, வலப்பக்கம் உள்ள "எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி"யை அழுத்தினால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டமும் பதிவாகும். ஃபைல் ஹிஸ்டரி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த எண்கள் உதவாது. அதன் குறிப்பேடு கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போனால் அடியில் ஒரு இணைப்பாக இருக்கும்.

கரண்ட், சுவிட்ச், பேட்டரி

எந்த எண்ணும் பிழை காட்டவில்லை, ஆனால் குறித்த நேரத்தில் ஓடவே இல்லை என்றால் மின்சாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் இரவு 2 மணிக்குப் பேக்கப் வைக்கச் சொல்கின்றன. இரவெல்லாம் கணினி ஓடும் வீட்டுக்கு அது பொருந்தும். நம் வீட்டில் படுக்கப்போகும்போது ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போகிறோம். இடி மின்னல் காலத்தில் பிளக்கையே பிடுங்கிவிடுகிறோம். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வீட்டில் யாராவது கணினியில் உட்கார்ந்திருக்கும் நேரமாக வையுங்கள், இரவு 8 மணி என்பதுபோல. அதோடு வேலையின் செட்டிங்ஸ் தாவலில் இரண்டாவதாக உள்ள கட்டத்தில் டிக் போடுங்கள். குறித்த நேரம் தவறிவிட்டால் கூடிய சீக்கிரம் ஓடு என்று சொல்வது அது. புதிதாக உருவாக்கும் வேலையில் இந்த டிக் இருக்காது. இந்த ஒரு டிக் இல்லாமல் நின்றுபோன பேக்கப்கள்தான் மிக அதிகம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் உங்கள் நேரம் விழுந்தால், அன்றைய வேலை ஒத்திவைக்கப்படுவதில்லை, விட்டே போகிறது. டிக் போட்டிருந்தால் கணினி மறுபடி உயிர் பெற்றுச் சுமார் பத்து நிமிடத்தில் தானே தொடங்கும்.

கணினியைத் தட்டி எழுப்பி ஓட்டும் வசதி கண்டிஷன்ஸ் தாவலில் இருக்கிறது. ஆனால் ஸ்லீப்பில் இருக்கும் கணினியைத்தான் அது எழுப்பும். சுவர் சுவிட்சு அணைந்த கணினியை எதுவும் எழுப்பாது. "கணினி தொடங்கும்போது ஓடு" என்று வைப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸில் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் இல்லை. அடுத்த நாள் எழுவதை அது புதிய தொடக்கமாக எண்ணாது, வேலையும் ஓடாது. "உள்நுழையும்போது ஓடு, 30 நிமிடம் தாமதித்து" என்று வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

அதே கண்டிஷன்ஸ் தாவலில் இன்னும் இரண்டு டிக் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும்: நேரடி மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து. லேப்டாப்பில் கரண்ட் இல்லாதபோது வேலை தொடங்காததற்கு இதுவே காரணம். அப்போது 0எக்ஸ்800710இ0 என்ற எண் தென்படும். மேசைக் கணினியிலும் இது கடிக்கும். யு.பி.எஸ்.ஸை யு.எஸ்.பி. கேபிளால் கணினியோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரியாகவே பார்க்கும், ஒரு நொடி மின்வெட்டுக்கே நகலை அறுத்துவிடும். லேப்டாப்பில் தொடங்குவதற்கான முதல் டிக்கை எடுத்துவிடலாம். யு.பி.எஸ். மட்டும் உள்ள மேசைக் கணினியில் இரண்டையும் அப்படியே விடுங்கள். வீட்டு யு.பி.எஸ். தருவது சில நிமிடங்கள்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் அணைவதைவிட நகல் பாதியில் நிற்பது மேல். விட்டுப்போனது அடுத்த ஓட்டத்தில் ஏறிவிடும்.

ஐந்தாறு வருடப் பழைய கணினியில் மதர்போர்டின் சின்ன பேட்டரியையும் பாருங்கள். சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி அது. சுவர் சுவிட்சு அணைந்திருக்கும்போதெல்லாம் கடிகாரத்தைத் தாங்குவது அதுதான் என்பதால் நம் வீடுகளில் சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தேதி பல வருடம் பின்னால் ஓடும். ஷெட்யூலரின் கணக்கு குழம்பும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் இணைய பேக்கப்பும் நிற்கும். கணினியைத் திறந்ததும் பழைய தேதி காட்டினால் வேறு எதையும் தேட வேண்டாம், அதை மாற்றுங்கள்.

வெற்றி என்று சொல்லும் தோல்வி

ஷெட்யூலர் 0எக்ஸ்0 காட்டுகிறது, நகலோ இல்லை. இது மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இதற்கு முக்கியமான காரணம். விண்டோஸ் அமைக்கும்போது ஏதோ ஒரு திரையில் சரி என்று அழுத்தியிருப்போம். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கும். உங்கள் நகல் நிரலோ பழைய டாகுமெண்ட்ஸ் முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஒன்றுமில்லை. எடுக்க ஒன்றுமில்லாததால் பிழையும் இல்லை. டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரில் வலச்சொடுக்கு செய்து, ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷனைப் பார்த்தால் உண்மையான முகவரி தெரியும். ஃபைல்களின் மேல் மேகக் குறி இருந்தால் அவை உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்து இறக்கிய பிறகே அவை நகலுக்கு அகப்படும்.

ரோபோகாப்பி பயன்படுத்துகிறவர்கள் அதன் எண்களைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு 0 என்றால் எடுக்கப் புதிதாக எதுவும் இல்லை. 1 என்றால் ஃபைல்கள் நகலாகின. 2 என்றால் சேருமிடத்தில் மூலத்தில் இல்லாதவை கூடுதலாக உள்ளன. 3 இரண்டும் சேர்ந்தது. 8 அல்லது அதற்கு மேல் போனால்தான் தோல்வி. ஷெட்யூலரில் 0எக்ஸ்1 பார்த்துப் பிழை என்று நினைத்து நன்றாக ஓடும் வேலையைக் கலைத்துவிடுகிறவர்கள் உண்டு. ரோபோகாப்பிக்கு அந்த 1 நல்ல செய்தி. மாறாக, தினமும் புதிதாக ஃபைல் சேரும் வீட்டில் நாள்தோறும் 0 வந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு பழைய சிக்கல் அதன் பொறுமை. பூட்டியிருக்கும் ஒரு ஃபைல் எதிர்ப்பட்டால், ஒன்றும் சொல்லாமல் விட்டால், 30 நொடிக்கு ஒருமுறை வீதம் பத்து லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டால் 347 நாள். கடைக் கணக்கு எழுதும் டேலி திறந்தே இருந்தால் போதும், வேலை அங்கேயே நின்றுவிடும். முந்தைய வேலை முடியாததால் அடுத்த நாள் வேலை தொடங்காது. மூன்று நாள் ஆனதும் ஷெட்யூலர் அதை அறுக்கும். அப்புறம் புதிதாகத் தொடங்கி மறுபடி சிக்கும். "நாலு நாளைக்கு ஒருமுறைதான் ஓடுகிறது" என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். கட்டளையில் ஆர் என்ற குறியோடு 2, டபிள்யூ குறியோடு 5 கொடுத்தால் இரண்டு முறை, ஐந்து நொடி இடைவெளியில் முயன்றுவிட்டு நகர்ந்துவிடும். டேலியைப் பொறுத்தவரை, மூடிவிட்டு எடுங்கள், அல்லது அதற்குள்ளேயே இருக்கும் பேக்கப்பைப் பயன்படுத்துங்கள். திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதி பழசும் பாதி புதிதுமாக வந்து சேரலாம்.

ரோபோகாப்பியின் எம்.ஐ.ஆர். என்ற குறியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூலம் எப்படியோ அப்படியே சேருமிடம் என்பது அதன் பொருள். மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்கும். மேலே சொன்னபடி டாகுமெண்ட்ஸ் இடம் மாறிக் காலியாகிவிட்ட நாளில் இது ஓடினால், நீங்கள் வருடக்கணக்காகச் சேர்த்த நகலை ஒரே இரவில் காலி செய்துவிட்டு வெற்றி என்று சொல்லும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைத் தொட வேண்டாம். வெற்று ஃபோல்டர்களையும் சேர்த்து நகலெடுக்கும் இ குறியே போதும்.

டிஸ்க்கின் பக்கம்

வெளி டிஸ்க் நேற்று இ டிரைவாக இருந்தது, இன்று பென் டிரைவ் முதலில் செருகப்பட்டதால் எஃப் ஆகிவிட்டது. நிரல் இன்னும் இ டிரைவைத்தான் தேடுகிறது. டிஸ்க் மேனேஜ்மெண்டில் போய் அந்த டிஸ்க்குக்கு எக்ஸ் அல்லது ஒய் போலக் கடைசி எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க் நடுவில் துண்டிக்கப்பட்டால் கேபினெட்டின் முன்பக்க யு.எஸ்.பி.யிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். சின்ன வெளி டிஸ்க்குகள் யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. யு.எஸ்.பி. 2 தருவது 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி. 3 தருவது 900. முன்பக்கத்தின் நீண்ட மெல்லிய கம்பியில் அது இன்னும் குறையும்.

கல்யாண வீடியோ மட்டும் ஏறவில்லையென்றால் டிஸ்க்கின் ஃபார்மேட்டை, அதாவது ஃபைல்களை அது அடுக்கி வைக்கும் முறையை, பாருங்கள். ஃபேட் 32 ஃபார்மேட்டில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. டிஸ்க்கில் 400 ஜி.பி. காலியிருந்தாலும் இடம் போதாது என்பதுபோல் பேசும். என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்ற வேண்டும். ஃபார்மேட் செய்து மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

முதல் நகல் நாள்பட ஓடுகிறது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். 500 ஜி.பி.யை யு.எஸ்.பி. 2 வழியே எடுத்தால் நொடிக்கு 30 எம்.பி. வீதம் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்த நாளிலிருந்து மாறியது மட்டும் போகும், நிமிடங்களில் முடியும்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. "நில ஆவணங்கள்" என்ற பெயரை, கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பேட்ச் ஃபைலுக்குள் எழுதினால் கட்டளைத் திரை அதைக் குதறிவிடக்கூடும், பாதை கிடைக்கவில்லை என்று சொல்லும். பேட்ச் ஃபைலை யு.டி.எஃப். 8 ஆகச் சேமித்து, தொடக்கத்தில் எழுத்துப் பக்கத்தை 65001க்கு மாற்றும் வரியைச் சேர்க்க வேண்டும். அது தலைவலி என்றால் மேல் ஃபோல்டருக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கட்டளையில் கொடுங்கள். உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்கள் தொல்லையில்லாமல் நகலாகும்.

லினக்ஸ் வைத்திருந்தால், அங்கே நேரம் பார்க்கிற கிரான் தவறிய நேரத்தை ஈடுசெய்யாது, அனகிரான் ஈடுசெய்யும். மேக் கணினியோடு வரும் பேக்கப் நிரலான டைம் மெஷின் தவறியதைத் தானே பிடித்துக்கொள்ளும். அங்கே பார்க்க வேண்டியது டிஸ்க் செருகியிருக்கிறதா என்பதுதான்.

தண்ணீரும் உப்புக்காற்றும்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீட்டில் கணினி நனைந்தால் அதன் பக்கத்திலேயே செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் நனையும். அதனால் இரண்டு டிஸ்க் வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று திருச்சியிலோ வேறு மேட்டு ஊரிலோ உள்ள அக்கா, தம்பி வீட்டில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு மாற்று நடந்துவிட்டால் நல்லது. செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸும் சேர்த்தே பூட்டும். கழற்றி வைத்திருப்பதைத் தொட முடியாது. ஃபைல் ஹிஸ்டரியில் டிஸ்க்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் "செலக்ட் டிரைவ்" கொடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் புது டிஸ்க்கில் எதுவும் ஏறாது.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று யு.எஸ்.பி. முனையையே அரித்துவிடும். கழற்றிய டிஸ்க்கை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதும் இரண்டாவது படிதான், கணக்குப் பார்த்துச் செய்தால். 10 எம்.பி.பி.எஸ். ஏற்று வேகத்தில் 100 ஜி.பி. ஏற 22 மணி நேரம் ஆகும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி., ஒன்டிரைவ் 5. நிரம்பியதும் ஏற்றம் நின்றுவிடும். முதலில் நில ஆவணமும் சான்றிதழும் போகட்டும், வீடியோ டிஸ்க்கில் இருக்கட்டும்.

திறந்து பார்க்கும் நாள்

வாரத்தில் ஒருநாளை, சந்தை கூடும் நாள் போல மறக்காத ஒன்றை, வைத்துக்கொண்டு பேக்கப் டிஸ்க்கில் மூன்று ஃபைலைத் திறந்து பாருங்கள்: இந்த வாரம் மாறிய ஒன்று, பல வருடம் பழைய ஒன்று, பெரிய வீடியோ ஒன்று. வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும், பாதியில் அறுந்த நகல் தொடக்கத்தில் நன்றாகத்தான் ஓடும். டிஸ்க் "டக் டக்" என்று தட்டினாலோ, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் டிஸ்க் பெயரில் எண் 7 வந்தாலோ, பழுது பார்க்கும் கருவி எதையும் ஓட்டாமல் முதலில் உள்ளதை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கை முழுக்க வருடும் சோதனையே அதன் கடைசி ஓட்டமாகிவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை வேறொருவர் கணினியில் செருகித் திறந்து பாருங்கள். டிஸ்க்குக்குப் பூட்டுப் போடும் பிட்லாக்கர் வைத்திருந்தால் அங்கே பாஸ்வேர்டு கேட்கும், அது நினைவில் இல்லையென்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கணினிக்குள் மட்டும் இருந்து பயனில்லை. ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். உண்மையிலேயே மீட்டெடுக்கும் நாள் வந்தால், எடுத்த ஃபைல்களைப் பழைய ஃபோல்டரின் மேலேயே கொட்டாமல் புது ஃபோல்டர் ஒன்றில் இறக்கி, திறந்து பார்த்த பிறகு இடம் மாற்றுங்கள்.